ஊசித்தட்டான் குளமும் உன் அப்பாவும்

சங்கரா,

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு தமிழ்ப் பாடத்தை விட்டவன் நீ. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்து முடித்திருப்பாய். ஆனால் இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் ஆபீஸில் அடுத்தவர்களுடைய கடிதங்களை ஆங்கிலத்தில் டைப் அடித்தவள் நான். அந்த மொழியில் உட்கார்ந்தால் 'தவறு நேர்ந்துவிட்டதற்கு வருந்துகிறோம்' என்றுதான் என் விரலில் வரும். தவறு செய்தது யார் என்பது அதில் இருக்காது. இந்தக் கடிதத்தில் அது இருந்தாக வேண்டும். அதனால் மெதுவாகப் படி. புரியாத வார்த்தை வந்தால் மீனாவைக் கேட்காதே, என்னைக் கேள். கவரை உன் ஹாஸ்டலில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி அவளிடம் தந்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்பது நாளில் நீ வேலைக்காகக் கௌஹாத்திக்கு ரயில் ஏறுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோதே நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சாம்பார் கொதிக்கும்போது வாய்வரை வந்தது. அப்போது அப்பா உன்னிடம், "பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டார். நீ பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹோ ஜாயேகா, பப்பா" என்றாய், ஆகிவிடும் என்று. மரியாதையாகத்தான் சொன்னாய். ஆபீஸில் மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு மரியாதை. அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். என்னிடம் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிற பையன், அப்பாவிடம் மட்டும் பதினோரு வருஷமாக இந்தியில் இரண்டு வார்த்தை. அது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது தப்பு.

குளத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். குளம் என்று நாம்தான் சொல்லிக்கொண்டோம். அது ஒரு பெரிய பள்ளம். நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சீமைக்கருவேல முள்ளைத் தாண்டி, பெயர் தெரியாத ஒரு இடிந்த கும்மட்டத்தின் ஓரத்தில், மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். உனக்கு அப்போது பதிமூன்று வயது, மீனாவுக்கு எட்டு. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எங்கள் இருவரை மட்டும் நீ அங்கே கூட்டிக்கொண்டு போனாய். முள் மண்டிய இடத்தில் வழி எங்கே திரும்புகிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். போவதற்கு முன்னால், "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க" என்று கையை நீட்டினாய். அப்பா சிரித்துக்கொண்டே அதில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் அடித்தேன்.

முதல் ஐந்து நிமிஷம் எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை. புல்லும் பாசியும்தான் தெரிந்தன. "அம்மா, அங்கயே பாக்காத. புல்லோட தண்டைப் பாரு" என்றாய். பார்த்தேன். தீக்குச்சியைவிட மெல்லிசாக, தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, ஒன்று உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, மஞ்சள் வால், வால் நுனியில் பேனா மசியைத் தொட்டு வைத்தாற்போல ஒரு நீலம். ஒன்றைப் பார்த்ததும் கண் பழகிவிட்டது. பத்து, இருபது, குளம் முழுக்க அவைதான். தட்டான் உட்கார்ந்தால் இறக்கையை ஏரோப்ளேன் மாதிரி விரித்தே வைத்திருக்கும், இது முதுகோடு சேர்த்து மடக்கிக்கொள்ளும் என்று நீ சொன்னாய். லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்து, டேம்செல்ஃப்ளை என்று பெயரும் சொன்னாய். "நாங்க ஊசித்தட்டான்னுதான் சொல்லுவோம்" என்றார் அப்பா. அந்தப் பெயர் உனக்குப் பிடித்துப்போயிற்று. ஜோடி ஒன்று உடம்பை வளைத்துக் கோத்துக்கொண்டு ஒரு தண்டில் தொங்கியது. பெண் பூச்சி வாலைத் தண்ணீருக்குள் விட்டுத் தண்டைக் கீறி முட்டையைச் செருகுவதை, மூச்சை அடக்கிக்கொண்டு காட்டினாய். ஊறுகாய் பாட்டிலில் நீ பிடித்து வைத்திருந்த குஞ்சுப் பருவத்துப் பூச்சிக்கு வால் நுனியில் மூன்று மெல்லிய இலைகள் இருந்தன. அதன் வழியாகத்தான் தண்ணீருக்குள் மூச்சு விடுமாம். அது முகத்துக்கு அடியில் மடக்கி வைத்திருந்த கொக்கியைச் சட்டென்று நீட்டி ஒரு கொசுப்புழுவைப் பிடித்தது. "இது எவ்ளோ கொசுப்புழு திங்கும் தெரியுமாம்மா?" என்று கேட்டாய். இந்தக் கேள்வியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். எனக்குத் தெரிந்திருந்தது. நீயே சொல்லித் தந்திருந்தாய்.

செப்டம்பர் கடைசியில் மீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் டெல்லியில் எந்தத் தெருவிலும் டெங்கு பேச்சுதான். மூன்றாம் நாள் அவள் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தார்கள். ரத்த அணு இறங்கிக்கொண்டே போகிறது என்றார் டாக்டர். நீ அவளைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதனால் அவள் எப்படிக் கிடந்தாள் என்று உனக்குத் தெரியாது. என்னை அடையாளம் தெரியாமல், "ஆன்ட்டி, தண்ணி" என்று கேட்டாள். நான் பெற்ற பிள்ளை என்னை ஆன்ட்டி என்றாள்.

ஐந்தாம் நாள் காலை, அப்பாவை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கஞ்சி வைத்து எடுத்துவரவும் மாற்றுத் துணி எடுக்கவும் நான் வீட்டுக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பா அப்போது குவார்ட்டர்ஸ் சங்கத்துக்குச் செயலாளர். அவர் எழுதிக் கொடுத்திருந்த மனுவின் பேரில் மலேரியா ஆபீஸ்காரர்கள் மூன்று பேர் அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நம் வீட்டுக்கும் வந்தார்கள். பெரியவர் ஒருவர், நரைத்த மீசை. பால்கனிக்குப் போய், ஜன்னலில் பொருத்தியிருந்த தண்ணீர்க் கூலரின் பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பெஹன்ஜீ, இதர் ஆயியே" என்று கூப்பிட்டார்.

கூலரின் தொட்டியில் நான்கு விரல் தண்ணீர் கிடந்தது. சுத்தமான தண்ணீர். அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் தொங்கித் துள்ளின. வெயில் குறைந்து கூலரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. தண்ணீரை வடிக்க வேண்டியது என் வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தேன். மீனாவின் கட்டில் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு குட்டையிலோ சாக்கடையிலோ வளராது, வீட்டுக்குள் தேங்குகிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று அந்த மனிதர் பொறுமையாக எனக்குச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவருடன் வந்த இரண்டு பேரும், வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷம் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "பின்னால் ஒரு பெரிய குட்டை இருக்கிறது, கொசு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது" என்று இந்தியில் சொன்னேன். அவர், "அது வேறு கொசு, பெஹன்ஜீ" என்றார். நான் விடவில்லை. "என் பெண் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள், நீங்கள் வந்து பாருங்கள்" என்று கத்தினேன். முள்ளுக்குள் வழி எங்கே திரும்புகிறது என்று நீ எனக்குக் காட்டியிருந்தாய் இல்லையா, அதே வழியில் அவர்களுக்கு முன்னால் நான் நடந்தேன். டப்பாக்களில் கொண்டுவந்திருந்த கறுப்பு எண்ணெயைப் பம்பு வைத்து அடித்தார்கள். எண்ணெய் தண்ணீர் மேல் விரிந்து போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். பிறகு வந்து கூலரைக் கழுவினேன், கஞ்சி வைத்தேன், பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அப்பா இல்லை, சங்கரா. நான். அப்பா அன்றைக்குக் காலையிலிருந்து மீனாவின் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

நீ அன்று சாயங்காலமே குளத்துக்குப் போயிருக்கிறாய். இஸ்திரி போடுகிறவர் உன்னிடம், உங்கள் வீட்டிலிருந்துதான் யாரோ வழி காட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறார். தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நான்கு நாள் நீ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இருந்தது. முப்பத்தொன்பது வயதில் எனக்கு இல்லை. மீனா பிழைத்து வீடு வந்த அன்று, அவள் தூங்கிய பிறகு, மடித்த நோட்டுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்தாய். உள்ளே ஏழு ஊசித்தட்டான்கள். இறக்கை உடம்போடு ஒட்டிப்போய், எல்லாம் ஒரே கறுப்பு. முட்டையிட வந்து எண்ணெயில் மாட்டிக்கொண்டவை. நீ அப்பாவைத்தான் பார்த்தாய். சங்கத்துச் செயலாளர் அவர், மனு எழுதியவர் அவர், 'எங்கும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்' என்று நோட்டீஸ் ஒட்டியவரும் அவர். உனக்கு வேறு எப்படித் தோன்றும்?

"நீங்கதானே அவங்களுக்குக் காட்டினீங்க?" என்று கேட்டாய்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சமையலறை வாசலில் கையில் பால் டம்ளரோடு நின்றிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், கூலரையும் சேர்த்து. என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. உன் பக்கம் திரும்பி, "ஆமாலே, நான்தான் காட்டினேன்" என்றார்.

நீ அழவில்லை. "ப்ராமிஸ் பண்ணீங்க" என்று மட்டும் சொன்னாய். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு அவரிடம் நீ தமிழில் பேசியதை நான் கேட்டதில்லை. அவருடைய இந்தி ஆபீஸ் இந்தி. ஃபைல், கையெழுத்து, லீவு இதற்குமேல் போகாது. பிள்ளை வேகமாகப் பேசினால் பாதி புரியாது. அது உனக்குத் தெரிந்திருந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று நீ போனபின் அவரைக் கேட்டேன். "பிள்ளைக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம் வந்தா அவன் யார்ட்ட போவான்? ஒருத்தராவது மிச்சம் இருக்கட்டும்" என்றார். "நாலு நாள்ல சரியாப் போயிரும். நீ வாயத் தெறக்காத. ஏற்கெனவே நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு, பாரு." நானும் அப்படியே இருந்துவிட்டேன். முதலில் மீனா தேறட்டும் என்று நினைத்தேன். அப்புறம் உன் பரீட்சை முடியட்டும் என்று. இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தை எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ என்னிடம் நெருங்கி வந்தாய். அவரிடம் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொன்னாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. உன் அப்பாவுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து நான் வைத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியவே தெரியாது. அந்த அக்டோபரில் அப்பா காலையில் ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினார். நடக்கப் போகிறேன் என்பார். நடக்கப் போகிறவருக்குச் சைக்கிள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சட்டையில் ஒரு எண்ணெய் வாடை. துவைத்தாலும் வேட்டிக் கரையில் கறுப்பு போகவில்லை. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கும்மட்டத்துச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது, கேரியரில் ஒரு கோணி மூட்டை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். போகலில் இருக்கிற மரப்பட்டறையிலிருந்து மரத்தூளை வாங்கிவந்து தண்ணீர் மேல் தூவி, அது எண்ணெயைக் குடித்துக் கறுத்ததும், நம் வீட்டுப் பழைய கொசுவலையால் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு குழி வெட்டி வைத்திருந்தார், அதில் போட்டு மூட.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"இந்தப் பக்கம் முடிஞ்சிட்டு. அந்தப் புல்லுக்கிட்டத்தான் இன்னும் நெறைய நிக்கு" என்றார். ஆபீஸில் ஒரு ஃபைல் எங்கே நிற்கிறது என்று சொல்கிற குரல். "புல்லை மட்டும் பிடுங்கிராத. அதுக்குள்ளதான் முட்டை இருக்கும்னு அவன் சொன்னான்லா?"

சேலையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. வலையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பதினைந்து வருஷம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை அதற்குமுன் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் ஆபீஸ், என் ஆபீஸ், சமையல், பிள்ளைகள் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் பனி இறங்கி எதிரே இருப்பது தெரியாமல் போகும்வரை வாரத்தில் மூன்று நான்கு நாள் போனோம். நீங்கள் எழுந்திருப்பதற்குள் குளித்து முடித்திருப்போம். நீயோ அந்தப் பக்கமே இனி கால் வைக்க மாட்டேன் என்று இருந்தாய், அதனால் தெரியாமலே போயிற்று. அவனைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று கேட்டேன். "செத்த குளத்தைக் காட்டி என்னத்துக்கு? எதாவது வந்தா அவனே பாப்பான்" என்றார்.

எங்கள் வேலையால்தான் குளம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். மழையும் பாதி எண்ணெயை அடித்துக்கொண்டு போயிருக்கும். முட்டைகள் தண்டுக்குள் தப்பித்தனவோ, காற்றில் வேறு குளத்திலிருந்து வந்தனவோ, அது நீ படித்த படிப்பு. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அடுத்த ஜூலையில், இரண்டு நல்ல மழைக்கு அப்புறம், நீ பந்து தேடிப் போனவன் செருப்பில்லாமல் ஓடிவந்தாய். முழங்காலெல்லாம் முள் கீறல். "அம்மா, வந்துருச்சு! மூணு இருக்கு! இல்ல, நாலு! ஒண்ணு இப்பதான் தோலை உரிச்சிட்டு வெளிய வருது, கலரே இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். அப்பா கூடத்தில் நாற்காலியில்தான் இருந்தார். அவரைத் தாண்டித்தான் நீ ஓடிவந்தாய். பேப்பர் அவர் முகத்தை மறைத்திருந்தது. அதைச் சற்றே தாழ்த்தி உன் முழங்காலைப் பார்த்தார். நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். நானும் போனேன். "உன் அப்பாவையும் கூப்பிடுடா" என்று ஒரு வார்த்தை அன்று சொல்லியிருக்கலாம். சங்கரா, குளத்தைக் காட்டியதைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. அது பயத்திலும் வெட்கத்திலும் செய்தது. இது சந்தோஷத்தில் செய்தது.

இதையெல்லாம் இப்போது எழுதுவது உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அல்ல. பதிமூன்று வயசில் நீ செய்தது சரி. இருபது வயசுக்கு மேலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய் என்றால், அதில் என் பங்கு உன் பங்கைவிடப் பெரியது. ஆனால் நீ புது ஊருக்குப் போகிறாய், அங்கே குளம் குளமாக அலைந்து, மருந்தடிக்காதே, மண் போட்டு மூடாதே என்று ஜனங்களிடம் பேசுவதுதான் உன் உத்தியோகம். அதற்காக ஒன்று சொல்கிறேன். உன் எதிரில் யாராவது ஒருத்தி வந்து, இந்தக் குட்டையை மூடுங்கள் என்று கத்துவாள். நீ படித்தவன், அவள் சொல்வது தப்பு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நரைத்த மீசைக்காரர் எனக்குச் சொன்ன மாதிரி சரியான விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லவும் செய்வாய். அது போதாது. முதலில், வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேள். அன்றைக்கு யாராவது ஒருவர் என்னை அதைக் கேட்டிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். குளத்துக்கு நடந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கு உனக்கும் கல்யாணம், பிள்ளை என்று ஆகும். நீயும் தப்புச் செய்வாய். செய்த அன்றைக்கே சொல்லிவிடு. அன்று சொன்னால் ஒரு தப்போடு போகும். நாலு நாள் தள்ளிப்போட்டால் அதைச் சுற்றி வேறு வேறு சௌகரியங்கள் முளைத்துவிடும், பிறகு அவற்றை விட மனசு வராது. இதற்கு நான் எந்தப் புத்தகத்தையும் தேடிப்போக வேண்டியதில்லை. பதினோரு வருஷம் என் வீட்டிலேயே பார்த்தேன்.

எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் இரண்டு நாள் முன்னால் சொன்னேன். இப்போதிருக்கும் முனிர்கா வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்; ரிடையர் ஆனதிலிருந்து அது அவர் வேலை. "எதுக்கு இப்பப் போய்? அவன் நல்லாத்தானே இருக்கான்" என்றார். "அவன் நல்லா இருக்கான், நீங்க?" என்று கேட்டேன். ஒரு பனியனை உதறி உதறி, உதறிக்கொண்டே இருந்தார். பிறகு, "எழுதணும்னா எழுது. ஆனா குழி வெட்டுனது, மரத்தூள் அள்ளுனதையெல்லாம் பெருசு பண்ணாத. அவனுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். பெருசு பண்ணவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதியிருக்கிறேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கொஞ்ச நாள் என்னிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. நான் காத்திருப்பேன். இது என் முறை, நியாயம்தான். கௌஹாத்தி போய்ச் சேர்ந்ததும் மீனாவுக்காவது ஒரு போன் போடு. அவளிடம் கூலர் விஷயத்தை நானே சொல்லப்போகிறேன். அவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. அவள் உன்னைப் போல இல்லை, என்னைப் போலவும் இல்லை.

நேற்று காலை காபி குடிக்கும்போது அப்பா சம்பந்தமே இல்லாமல், "அஸ்ஸாம்ல மழை ரொம்ப ஜாஸ்தியாமே. அங்க ஊசித்தட்டான் எத்தனை தினுசு இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், அவனைக் கேளுங்கள் என்றேன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "கேட்டா சொல்லுவானா?" என்றார்.

"சொல்லுவான். மணிக்கணக்கா உக்காந்து சொல்லுவான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன், சங்கரா. இந்த ஒன்றையாவது நான் யோசித்துத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா.

அம்மா